கோரையை விட்டுவையுங்கள்: ஏரி தூர்வாரும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விடுமுறை நாளில் வீட்டில் இருக்காமல் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்குகிறீர்கள். கைக்காசைப் போட்டு ஜேசிபிக்கு வாடகை கட்டுகிறீர்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு டீசலுக்குப் பணம் சேர்க்கிறீர்கள். பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வரத்துக்கால்கள் உங்களால்தான் திறந்தன. ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி மனு எழுதி, அதற்காக ஊருக்குள்ளேயே பகையைத் தேடிக்கொண்டவர்களும் உங்களில் உண்டு. இவ்வளவையும் அறிந்துதான் எழுதுகிறேன். உங்கள் உழைப்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த உழைப்பு ஓரிடத்தில் ஏரிக்கே கேடாக முடிவதைக் கண்ணால் பார்த்தபின் சும்மா இருக்கவும் முடியவில்லை.

நான் சொல்ல வந்தது கோரையைப் பற்றி.

வேலை தொடங்கியதும் முதலில் நீங்கள் கைவைப்பது ஏரியோரத்துக் கோரையில்தான். ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேலம், கோரை, சம்பு எல்லாமே உங்கள் கணக்கில் புதர். எல்லாவற்றையும் ஒரே வாளியில் வாரிக் கரைக்கு மேலே கொட்டுகிறீர்கள். வேலை முடிந்ததும் எடுக்கும் படத்தில் கரை மழுமழுவென்று இருக்கிறது. தண்ணீர் விளிம்புவரை பளிச்சென்று தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பக்கத்து ஊர்க் குழுவும் அதையே செய்கிறது. ஏரி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் மாவட்டம் மாவட்டமாகப் பரவிவிட்டது.

எங்கள் ஏரியிலும் அதுதான் நடந்தது. ஒரு கோடையில் உள்வாயைச் சுற்றி இருந்த கோரைப் பட்டை முழுவதையும் வேரோடு தோண்டி எடுத்தார்கள். சரிவாக இறங்கிய ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணைக் கரைமேல் போட்டு உயர்த்தினார்கள். மழைக்காலம் வந்தது, ஏரியும் நிறைந்தது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காற்றடிக்கும் பக்கத்தில் கரையின் உள்முகம் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தது. ஓரத்தில் நின்று இரை தேடும் கொக்குக்கு நிற்க இடமில்லை. நடு ஏரியில் நீர்க்காகங்கள் மட்டும் மூழ்கி மூழ்கி எழுந்தன. விரால் பிடிப்பவர் வலையைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். கோரை அறுக்க வரும் பெண்கள் கரைமேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை ஏரிப் பக்கம் விடுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் முழங்கால், இடுப்பு என்று படிப்படியாக ஆழம் கூடும். இப்போது முதல் அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம்.

இது எங்கள் ஊரோடு போகிற வேதனை இல்லை என்பதால் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2017இல் அரசு குடிமராமத்து என்ற பெயரை மறுபடி கையில் எடுத்த பிறகு, தூர்வாரும் ஆர்வம் ஊர் ஊராக வளர்ந்திருக்கிறது. ஆர்வம் வளரும் இந்தக் காலத்தில்தான் இதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஏரியாக மொட்டையான பிறகு சொல்லிப் பயனில்லை.

கோரைமேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்பது எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் பாட்டனும் பாட்டியும் வயலில் அதோடு மல்லுக்கட்டியவர்கள். கோரைக்கிழங்கு என்று நாம் சொல்லும் சைப்பரஸ் ரொட்டண்டஸ், உலகத்தின் மிகக் கொடிய களைகளின் வரிசையில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுவது. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு தங்கிவிடும். ஒன்று பலவாகி மறுபடி முளைக்கும். மண்வெட்டி பிடித்த எந்தக் குடியானவரும் அதற்கு இரக்கம் காட்டமாட்டார். நானும் வயலில் அதற்காகப் பரிந்து பேசமாட்டேன். ஆனால் வயலின் வழக்கை ஏரியில் வைத்துத் தீர்க்காதீர்கள். கோரைக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 5,500 இனங்கள் இருக்கின்றன. எகிப்தியர் தாள் செய்த பாப்பிரஸ் அந்தக் குடும்பம். நம் பாய்க்கோரையும் அந்தக் குடும்பம்தான். ஏரியோரத்தில் இடுப்பளவும் ஆளுயரமும் எழுந்து நிற்பவற்றில் பெரும்பாலானவை ஈரச் சேற்றைவிட்டு உங்கள் மேட்டு வயலுக்கு ஏறி வரப்போவதில்லை. நீர் ஏறி இறங்கும் அந்த விளிம்புதான் அவற்றின் வீடு.

புல்லையும் கோரையையும் பிரித்தறிய நீங்கள் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தண்டை ஒடித்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். பெரும்பாலான கோரைகளில் மூன்று விளிம்பு கையில் உறுத்தும். உள்ளே வெண்மையாக, பஞ்சுபோல் மெத்தென்று நிறைந்திருக்கும்; கணு இருக்காது. புல்லின் தண்டு உருண்டையாகவும் கணுக்களோடும் இருக்கும். நாணல் புல் வகை. சம்பு வேறு குடும்பம். பட்டையான இலையும் பழுப்புக் கதிரும் அதைக் காட்டிக்கொடுக்கும். சில கோரைகளுக்கு உருண்டைத் தண்டு உண்டு, அவற்றை ஊரில் கோரை அறுக்கும் எந்தப் பெண்ணும் உங்களுக்குக் காட்டித் தருவார். அரை நாள் செலவழித்தால் போதும். அதன்பிறகு எல்லாவற்றையும் புதர் என்று சொல்ல உங்களுக்கே மனம் வராது.

அந்த மெத்தென்ற தண்டுதான் ஏரிக்கு உயிர்நாடி. நீருக்கு அடியில் உள்ள சேற்றில் காற்று இருக்காது. கோரை மேலிருந்து காற்றைத் தன் தண்டின் வழியே வேருக்கு இறக்குகிறது. வேரைச் சுற்றி அந்த உயிர்க்காற்றில் கொஞ்சம் கசிந்து சேற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அங்கே பெருகி, வயலிலிருந்து வழிந்து வரும் உரச் சத்தையும் ஊரிலிருந்து வரும் கழிவையும் சிதைக்கின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்யச் சம்பையும் கோரையையும் தொட்டிகளில் நட்டு வளர்க்கும் முறை உலகின் பல நாடுகளில் நடப்பில் இருக்கிறது. பணம் கொட்டிச் செய்யும் அந்த வேலையை உங்கள் ஏரியின் ஓரம் கூலி கேட்காமல் செய்துகொண்டிருந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு, மறு வருடம் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டதே என்று மருந்து தெளிக்க யோசிக்கிறீர்கள்.

கரையையும் பாருங்கள். ஏரிக்கரையை உடைப்பது பெருமழை மட்டும் இல்லை. நாள்தோறும் வந்து மோதும் சிற்றலையும்தான். அதற்காகத்தான் நம் முன்னோர் கரையின் உள்முகத்தில் அலைகல் பதித்தார்கள். கல் இல்லாத நீளங்களில் கோரையும் சம்பும் நாணலும் அலையின் வேகத்தைத் தணித்தன. கோரையின் மட்டத்தண்டு சேற்றுக்குள் பக்கவாட்டில் ஓடிப் பின்னிக்கொண்டு மண்ணைப் பிடித்திருக்கிறது. நீங்கள் அதை எடுத்துவிட்டு, கரையின் காலடியிலேயே பள்ளமும் தோண்டுகிறீர்கள். கரைக்கு அருகில் மண் எடுத்தால் கரை பலவீனமாகும் என்பதை உங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சியைக் கேட்டாலும் நீர்வளத் துறைப் பொறியாளரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரைமேல் புது மண்ணைக் குவித்து உயரம் காட்டுவது படத்துக்கு அழகு. அடியில் பிடிப்பில்லாத உயரம் அடைமழையில் நிற்காது.

“கோரை இருந்தால் கொள்ளளவு குறையுமே” என்று கேட்கிறீர்கள். இது நேர்மையான கேள்வி, ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். ஏரியின் கொள்ளளவைத் தின்றது நடுவில் படிந்த வண்டலும், வரத்துக்காலை மறித்த வீடுகளும், உள்வாயில் உழுது பயிர் வைத்தவர்களும்தான். ஓரத்துக் கோரை நிற்பது ஏரி நிறையும்போது முழங்கால் தண்ணீர் மட்டுமே ஏறும் இடம். அங்கே தோண்டிக் கிடைக்கும் கூடுதல் தண்ணீர் கொஞ்சம். அதற்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். இன்னொன்றும் உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் ஆயக்கட்டுக்குப் பாயாது. நிலத்தடிக்கு இறங்கும் என்பது உண்மை; ஆனால் பாசனத்துக்காகத் தோண்டுகிறோம் என்று சொல்லி அதைத் தோண்டாதீர்கள். மேலே ஓடையில் நின்று வண்டலை வடிகட்டும் கோரையையும் புல்லையும் எடுத்துவிட்டால், நீங்கள் தூர்வாரிய ஏரி இன்னும் வேகமாகத் தூர்ந்துபோகும். இலங்கையின் வறண்ட பகுதியில் அடுக்கடுக்காக அமைந்த பழைய குளங்களில், தண்ணீர் குளத்துக்குள் நுழையும் தலைப்பில் இதற்காகவே ஒரு புல்வெளிப் பட்டையை விட்டுவைத்தார்கள். சிங்களத்தில் அதற்குப் பெரஹன என்று பெயர். வண்டல் அங்கே தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் குளத்துக்குள் போகும். குளம் கட்டத் தெரிந்தவர்கள் அந்தப் பட்டையைக் குப்பை என்று நினைக்கவில்லை.

இனி உயிர்களைப் பற்றிச் சொல்கிறேன். என் மனம் அதிகம் வலிப்பது இங்கேதான்.

விரால் ஓரத்துச் செடிகளுக்கு நடுவே இடத்தை ஒதுக்கி முட்டையிடும். குஞ்சுகள் செம்மஞ்சளாகத் திரண்டு நீரின் மேல்மட்டத்தில் மிதக்க, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். கோரை மறைவு இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் திறந்த வெளியில் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டி அதைத் தண்டுகளில் பிணைத்துவைக்கும். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கோரைக்குள்ளேதான் முட்டையிடும். மஞ்சள் குருகு தண்டுகளுக்கு நடுவே கழுத்தை நீட்டி அசையாமல் நின்றால் அருகில் போனாலும் தெரியாது; அதன் நிறமும் கீற்றும் அந்த இடத்துக்கென்றே அமைந்தவை. தூக்கணாங்குருவிகளில் மார்பில் கீற்றுகள் கொண்ட ஓர் இனம் பனையையும் ஈச்சையையும் நாடாமல், நீரில் நிற்கும் சம்பு, கோரைத் தாள்களைச் சேர்த்துப் பிணைத்து அவற்றிலேயே கூட்டைத் தொங்கவிடும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் கோரை விதைகளைச் சேற்றில் அரித்துத் தின்கின்றன. கோரை உள்ளான் ஓரத்துச் சேற்றில் நீண்ட அலகைக் குத்திப் புழு எடுக்கும். செங்குத்தாக வெட்டிய ஓரத்தில் இவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. நெடுங்கால் உள்ளானின் கால் எவ்வளவு நீளமானாலும், ஆளாழத் தண்ணீரில் அதனால் நிற்க முடியாது.

கொசு வரும் என்கிறீர்கள். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் வளரும் காலம் முழுவதும் கொசுப் புழுவையும் தின்று வாழ்கிறது. சிறகு முளைக்கும் நாளில் அது ஒரு தண்டைப் பற்றித் தண்ணீரைவிட்டு மேலேறி, பழைய தோலைக் கழற்றிவிட்டுப் பறக்கிறது. தண்டு இல்லாத ஏரியில் அதற்கு ஏறுவதற்கு இடம் இல்லை. கொசுவை வளர்ப்பது பெரும்பாலும் தேங்கிய சாக்கடையும் பிளாஸ்டிக் குப்பையும்தான். அவற்றை எடுங்கள், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் எடுக்கிறேன். பாம்பு வரும் என்றும் சொல்கிறீர்கள். கோரைக்குள் நீங்கள் அடிக்கடி காண்பது நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு. அது மீனையும் தவளையையும் தேடி வந்தது, உங்களைத் தேடி அல்ல.

மனிதர்களும் கோரையை நம்பி வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். ஐங்குறுநூற்றிலேயே சிறுமியர் பைஞ்சாய்க் கோரையால் பாவை செய்து விளையாடிய செய்தி இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பத்தமடை என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், கோரையைக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, கீறிக் கீறி நூலிழைபோல் ஆக்கி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். துணிபோல் மடிக்கலாம் அந்தப் பாயை. மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் நெய்த பட்டுப்பாய் நெல்லைச் சீமையின் கல்யாண வீடுகளில் பெருமையாக விரிக்கப்பட்டது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், முசிறிப் பக்கம் கோரையை வயலிலேயே பயிராக நடுகிறார்கள். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுக்கலாம். அறுக்க அறுக்க மறுபடி துளிர்க்கும். நீங்கள் குப்பையென்று குவித்து நெருப்பு வைத்த அதே தண்டு காவிரிக் கரையில் விளைச்சல், பத்தமடையில் வாழ்வு. நெகிழிப் பாய் வந்து தறிகளை ஓயவைத்தது உண்மைதான். ஆனால் இன்னும் ஊர் ஏரியில் அறுத்து வீட்டுத் தேவைக்கும் விற்பதற்கும் பாய் முடையும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. ஏரியில் யாருக்கு என்ன உரிமை என்று கூட்டம் போட்டபோது அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அப்படியானால் கோரையைத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். தொடாமல் விடுவதும் தீர்வாகாது. ராஜஸ்தானில் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் நீர்நிலையைப் பற்றிச் சொல்கிறேன். பறவைகளுக்காகப் பெயர்பெற்ற அந்த இடத்தில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். பறவைகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அங்கே தங்கி ஆராய்ந்து, மேய்ச்சல் நின்றதால் பறவைகளுக்கே இடம் குறைந்தது என்று சொன்னார்கள். கோரைக் கிழங்குகளைத் தோண்டித் தின்ன அங்கே வந்துகொண்டிருந்த சைபீரியப் பெருங்கொக்குக்கும் அந்தப் புல் இடைஞ்சலானது. மேய்வதும் அறுப்பதும் அளவோடு நடந்தால் நீர்நிலை திறந்தும் மூடியும் பல தினுசாக இருக்கும்; அப்போதுதான் பலவகை உயிர்களும் இருக்க முடியும். நம் ஊர்களில் பாய்க்குக் கோரை அறுத்தவர்களும், ஏரி உள்வாயில் மாடு மேய்த்தவர்களும், வண்டியில் வண்டல் ஏற்றிப் போன குடியானவர்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த அளவைக் காத்துவந்தார்கள். அரிவாளும் மாட்டின் வாயும் தண்டை எடுத்தன, மட்டத்தண்டை விட்டுவைத்தன. ஜேசிபி அப்படி விட்டுவைப்பதில்லை. சாக்கடை கலக்கும் ஏரிகளில் சம்பு ஓயாமல் பரவி நீர் முழுவதையும் மூடுவதும் உண்டு. அங்கே வெட்டிக் குறைக்கத்தான் வேண்டும். குறைப்பது வேறு, துடைப்பது வேறு.

நகரத்து ஏரிகளில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஏரியைச் சுற்றி நடைபாதை, கருங்கல் சுவர், விளக்கு, படகுத்துறை என்று திட்டம் வரைகிறார்கள். நடப்பதற்கு ஓரிடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஏரியின் நான்கு பக்கமும் சுவர் எழுப்பினால் அது தொட்டி. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒருகாலத்தில் பரந்து கிடந்த சதுப்பில் சிறு பங்குதான் மிச்சம். 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மிச்சத்தை உலகமே மதிப்பதற்குக் காரணம் அங்கே உள்ள ஆழமற்ற நீரும் கோரையும் சம்பும் அவற்றை நம்பிய பறவைகளும்தான். மழைநாளில் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும் அதே சேறுதான். உங்கள் ஏரியிலும் ஒரு பக்கமாவது அந்தச் சேறு இருக்கட்டும். நன்கொடை தரும் நிறுவனம் நீல நிறத் தண்ணீரின் படம் கேட்டால், கோரைக்குள் கூடு வைத்த தாழைக்கோழியின் படத்தை அனுப்புங்கள். எது ஏரி என்று அவர்களுக்கும் தெரியவேண்டும்.

இனி என் வேண்டுகோளைச் சொல்கிறேன்.

இயந்திரம் இறங்குவதற்கு முன் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். தனியாகப் போகாமல், கோரை அறுக்கும் பெண்களையும் மீன்பிடிப்பவரையும் மாடு மேய்ப்பவரையும் நீர்ப்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஓரத்தில் எது வளர்கிறது, எங்கே பறவை கூடு வைக்கும், எங்கே மீன் முட்டையிடும் என்று அவர்கள் சொல்வதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கொம்பு நட்டு, கயிறு கட்டி, அந்த ஓரங்களுக்குள் இயந்திரம் போகக்கூடாது என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நடக்காது. மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஏரிக்குள் இறங்கிய சீமைக்கருவேலத்தையும் தயங்காமல் எடுங்கள். அவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை அடைத்தவை. அவற்றைப் பிடுங்கும் உங்கள் கைக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. நடுவில் படிந்த வண்டலையும் எடுங்கள். குடியானவர்கள் வயலுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். ஆனால் கோரை நிற்கும் ஓரத்தைச் சரிவாகவே விடுங்கள். ஆடும் மாடும் சறுக்காமல் இறங்கித் தண்ணீர் குடித்து ஏறும் சரிவு இருந்தால் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் அது போதும். கோரை மிகுதியாகிவிட்டது என்று ஊர் நினைத்தால் அரிவாளால் நீர்மட்டத்துக்கு மேலே அறுக்கச் சொல்லுங்கள். அறுத்ததைப் பாய் முடைபவருக்குக் கொடுங்கள். ஒரே ஆண்டில் எல்லாப் பக்கமும் அறுக்காமல் இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு வேறு பக்கம் என்று மாற்றுங்கள். கூடு இழந்த பறவை அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொள்ளும்.

எங்காவது கோரை ஓரத்தைத் தோண்டியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், மேலே உள்ள சேற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அந்தச் சேற்றில்தான் விதைகளும் கிழங்குகளும் மட்டத்தண்டும் இருக்கின்றன. கோரை விதை பல ஆண்டுகள் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்து வெளிச்சம் படும்போது முளைக்கக் கூடியது. வேலை முடிந்ததும் அந்தச் சேற்றைச் சரிவில் பரப்பிவிட்டால் கோரை தானாகத் திரும்பி வரும். லாரியில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டால் ஏரியின் விதைக் களஞ்சியத்தையே அனுப்பிவிடுகிறீர்கள்.

காலத்தையும் பாருங்கள். கோடையில் ஏரி வற்றி, வலசை வந்த பறவைகள் போன பிறகு வேலை செய்யுங்கள். முதல் மழை விழுந்தபின் ஓரத்தைத் தொடாதீர்கள். மீன் முட்டைக்கு ஓரத்தைத் தேடும் காலம் அது. மரம் நடவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள், அதுவும் நல்ல ஆசை. கரையின் வெளிப்புறத்தில் நடுங்கள், பள்ளிக்கூட வளாகத்தில் நடுங்கள், சாலையோரத்தில் நடுங்கள். உள்வாயில் கோரை நிற்கும் வெட்டவெளியைக் காலி இடம் என்று நினைத்து அங்கே வரிசையாகக் குழி தோண்டாதீர்கள். மரமில்லாத அந்த ஈர வெளியையே நம்பி வாழும் உயிர்கள் இருக்கின்றன.

ஏற்கெனவே ஓரத்தைத் துடைத்துவிட்ட குழுக்கள் மனம் தளர வேண்டாம். இந்தக் கோடையிலேயே செங்குத்து ஓரங்களைச் சரித்துவிடலாம். பக்கத்து ஏரியிலிருந்து கொஞ்சம் கோரைக் கட்டைகளை மண்ணோடு எடுத்துவந்து, நீர் ஏறி இறங்கும் மட்டத்தில் இடைவெளிவிட்டு நடலாம். காவிரிக் கரையில் கோரைப் பயிர் செய்பவர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். நட்டதை மாடு மேயாமல் ஒரு பருவம் காத்தால் போதும், பிறகு அதுவே பரவிக்கொள்ளும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கைகள் போதும்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை ஒருமுறை வாசியுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தால் வாதிடுங்கள். என் கூற்றில் பிழை இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டால் “கோரை ஓரத்தை வேரோடு எடுக்கமாட்டோம்” என்று ஒரு வரித் தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டு, ஊராட்சியிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டு, அதன்பிறகு இந்த ஆண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஏரிப் பாசனத்தில் வளர்ந்த ஓர் ஊர்க்காரன்